மல்லாரி சொன்ன சேதி

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் மாசிப் பெருவிழா. நெரிசலுக்கு அஞ்சித் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோருக்கு ஒரே கேள்வி: சுவாமி எங்கே வருகிறார்?

முற்காலத்தில் சிவாலயங்களில் நாகஸ்வரமே இதற்கு விடை கூறியது. கம்பீர நாட்டையில் மல்லாரி எழுந்தால் சுவாமி புறப்பட்டாயிற்று. தளிகை மல்லாரி என்றால் நிவேதனம் வருகிறது. தேர் மல்லாரி என்றால் வடம் பிடிக்கும் வேளை. செவி ஒன்றே போதும்.

இன்று கைப்பேசியில் வரும் செய்தி கண் மங்கியோருக்கு எட்டுவதில்லை. ஒலிபெருக்கியோ காணாமற்போன குழந்தையைத் தேடித் தருகிறது, நல்லதே. ஆனால், இதே தலத்தில் ஆதிபுரீஸ்வரர் கவசமின்றிக் காட்சி தருவது கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி, ஆண்டில் 3 நாட்களே. அன்று இடையே திரையிட்டால், அது எப்போது விலகும் என அதே ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லலாகாதா? வரிசையில் தளர்ந்து நிற்கும் பெரியவர் சற்று அமர்ந்திருந்து, தரிசித்தே வீடு திரும்புவார்.