நுரையீரலில் ஒரு புள்ளி

வண்டியிலிருந்து விழுந்து விலாவில் அடிபட்டவருக்கு மார்பு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில், 'வலது நுரையீரல் மேல்மடலில் 5 மி.மீ. நாட்யூல்' என்று ஒரு வரி. அன்றிரவே வீட்டில் யாரோ செல்போனில் தேடிப் பார்த்து, புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நுரையீரலில் 3 செ.மீ.க்கு மிகாத உருண்டைப் புள்ளிதான் நாட்யூல். அதைத் தாண்டினால் கட்டி என்பார்கள், கவலையும் கூடும். அமெரிக்காவில் அதிகம் புகைத்த 53,000க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து, 2011இல் வெளியான ஆய்வில், சி.டி. சந்தேகம் கிளப்பிய முடிவுகளில் 96 சதவீதம் புற்றுநோய் இல்லை. புகைத்தவர்களுக்கே இப்படி!

நம் ஊரில் காசநோயையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எப்போதோ உள்ளே வந்த கிருமியை உடம்பே அடக்கியிருக்கும். தழும்பு மட்டும் மிஞ்சியிருக்கும். அதன் நடுவிலோ முழுவதுமோ சுண்ணாம்பு படிந்து வெள்ளை வெளேரென்று தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. சோளப்பொரி வடிவில் படிந்திருந்தால் ஹமார்டோமா என்ற தீங்கற்ற கட்டி. விளிம்பு முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகம் வலுக்கும். பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். புற்றுநோயைப் போலவே காசநோய்ப் புண்ணும் அதில் ஒளிரும். மிகச் சிறிய புள்ளி புற்றுநோயாகவே இருந்தாலும் ஒளிராமல் போகலாம்.

நம்பகமான சோதனை காலம்தான். கெட்டியான புற்றுநோய்ப் புள்ளி பொதுவாக 100 முதல் 400 நாளில் கனஅளவில் இரட்டிக்கும். கனஅளவு இரட்டித்தாலும் விட்டம் கால் பங்குதான் கூடும்: 5 மி.மீ. புள்ளி 6.3 மி.மீ. ஆகும். அடுத்த மாதமே மறுபடி எடுத்தால் என்ன தெரியும்? 'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று டாக்டர் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். மார்பு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல்படி, புகைப்பழக்கம் போன்ற ஆபத்துகள் இல்லாதவருக்கு 6 மி.மீ.க்குக் குறைந்த கெட்டியான புள்ளி இருந்தால் மறு ஸ்கேனே வேண்டாம். 6 முதல் 8 மி.மீ. என்றால் 6–12 மாதத்தில் ஒன்று. 8ஐத் தாண்டினால் மூன்று மாதத்தில் ஸ்கேன், அல்லது பெட், பயாப்ஸி. மங்கலாகத் தெரியும் வகை மெதுவாக வளரும் என்பதால் ஐந்தாண்டு வரைகூடக் கண்காணிப்பார்கள். ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சளியில் ரத்தம் வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

கெட்டியான புள்ளி இரண்டாண்டுகளாக வளராமல் இருந்தால் அநேகமாகத் தீங்கற்றது. அதைச் சொல்லப் பழைய படம் வேண்டும். வீட்டில் கிடக்கும் ஃபிலிமையும் குறுந்தகட்டையும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.