குழந்தைகளுக்கென்று ஒரு பங்கு!

சம்பளப் பணம் வீட்டுக்கு வந்ததும் தாய்மார்கள் முதலில் என்ன செய்வார்கள்? பங்கு பிரிப்பார்கள். இது அரிசிக்கு. இது வாடகைக்கு. இது பால்காரருக்கு. இதற்குள் ஒரு சிறு தொகை கடுகு டப்பாவுக்குள் போய்விடும். அது பிள்ளைகளின் படிப்புக்கு! விருந்தாளி வந்தாலும் சரி, கடன்காரர் வந்து நின்றாலும் சரி, அந்த டப்பா திறக்காது.

ஒரு பெரிய நகரமே இப்படிக் கடுகு டப்பா வைத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அந்த மாநிலத்தில் உள்ள ஸான்பிரான்சிஸ்கோதான் அந்த நகரம். அங்கே வசூலாகும் சொத்து வரியில் ஒரு பகுதியைக் குழந்தைகளுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார்கள். மேயரே நினைத்தாலும் அதை வேறு செலவுக்குத் திருப்ப முடியாது. அந்தப் பணத்தின் பெரும் பகுதி, குழந்தைகளுக்காக உழைக்கும் தொண்டு நிலையங்களுக்கு மானியமாகப் போகிறது.

இந்த டப்பா சும்மா கிடைக்கவில்லை. அது ஒரு கதை.

கழுத்தில் சாவி

மாலை 3 மணி. பள்ளிக்கூட மணி அடிக்கிறது. பிள்ளைகள் வெளியே ஓடி வருகிறார்கள்.

அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வீடு திரும்ப 6 மணி ஆகும். பாட்டியோ அத்தையோ வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிருக்கிறார். இடையில் 3 மணி நேரம். அந்த 3 மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கும்?

வசதி உள்ளவர்கள் பணம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்வார்கள். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் கழுத்தில் மாட்டி விடுவார்கள். பிள்ளை தானே பூட்டைத் திறந்து, தானே ரொட்டி எடுத்துத் தின்று, கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அல்லது தெருவில் சுற்றும். வேலை செய்யும் இடத்தில் தாயின் கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கும்.

இந்த 3 மணி நேரத்தைக் காப்பாற்றத்தான் பல தொண்டு நிலையங்கள் தோன்றின. பள்ளியிலோ பக்கத்தில் உள்ள ஒரு கூடத்திலோ பிள்ளைகளைச் சேர்த்து வைப்பார்கள். தின்பண்டம் கொடுப்பார்கள். வீட்டுப்பாடம் சொல்லித் தருவார்கள். பந்து விளையாட விடுவார்கள். பெற்றோர் வந்து அழைத்துப் போகும் வரை கூட இருப்பார்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் நம்பிக்கையான ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும்.

அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும்? அங்கேதான் சிக்கல்!

முதலில் விழுந்த வெட்டு

1978-ம் ஆண்டில் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். சொத்து வரி, சொத்து மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது அந்தச் சட்டம். வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் மாநிலம் முழுவதும் சொத்து வரி வருமானம் பாதிக்கு மேல் சரிந்துவிட்டது. 1980-க்குப் பிறகு மத்திய அரசாங்கமும் நகரங்களுக்குக் கொடுத்து வந்த உதவியைக் குறைத்தது.

பணம் குறைந்தால் எதை வெட்டுவது? போலீசை வெட்டினால் கூச்சல் எழும். தீயணைப்புப் படையை வெட்டினால் இன்னும் பெரிய கூச்சல் எழும். பிள்ளைகளுக்கான செலவை வெட்டினால்? பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லையே!

ஆண்டுதோறும் பட்ஜெட் நேரத்தில் இதே நாடகம்தான். தொண்டு நிலையத்தார் நகரசபைக் கூடத்தில் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஓரிரு நிமிடம் பேச விடுவார்கள். "எங்கள் மானியத்தை நிறுத்தாதீர்கள்" என்று கெஞ்சுவார்கள். இந்த ஆண்டு தப்பினால் அடுத்த ஆண்டு மறுபடியும் அதே வரிசை.

ஒரு பெண்ணின் பிடிவாதம்

குழந்தைகளுக்காக வாதாடும் "கோல்மன் அட்வகேட்ஸ்" என்ற சங்கம் அந்த நகரில் இருக்கிறது. 1978 முதல் அதற்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் பிராட்கின் என்ற சமூக சேவகி. அவர் பல ஆண்டுகள் அந்த வரிசையில் நின்று பார்த்தார். நகரின் பட்ஜெட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "குழந்தைகளுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்" என்று தாங்களே கணக்குப் போட்டு நீட்டியும் பார்த்தார். பலன் கொஞ்சம்தான்.

கடைசியில் அவரும் சகாக்களும் வேறு வழி கண்டார்கள். அதிகாரிகளிடம் கேட்பதை விட்டு, மக்களிடமே கேட்டுவிடுவது!

நகரங்களுக்கு அங்கே சாசனம் என்று ஒன்று உண்டு. நகரசபை அதற்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்க வேண்டும். போதிய வாக்காளர்கள் கையெழுத்திட்டால், சாசனத்தைத் திருத்துவதா வேண்டாமா என்று தேர்தலில் மக்களையே கேட்க வேண்டும். சங்கத்தார் கையெழுத்து வாங்கினார்கள். 1991-ம் ஆண்டு நவம்பரில் விஷயம் ஓட்டுக்கு வந்தது. "ஜே பிரேரணை" என்பது அதன் பெயர்.

எதிர்ப்பும் இருந்தது. "இன்று குழந்தைகளுக்குப் பங்கு என்பீர்கள். நாளை ஒவ்வொருவரும் பங்கு கேட்டு வருவார்கள். நகரத்துக்கு ஆபத்து வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?" என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அது வெறும் வாதம் என்று நான் தள்ள மாட்டேன். பின்னாளில் அந்த நகரில் நூலகம், பூங்கா என்று பல தனிப் பங்குகள் வரத்தான் செய்தன.

ஆனாலும் பிரேரணை வென்றது! பட்ஜெட்டில் ஆண்டுதோறும் குழந்தைகளுக்குப் பங்கு உண்டு என்று சாசனத்திலேயே எழுதி வைத்த முதல் அமெரிக்க நகரம் ஸான்பிரான்சிஸ்கோதான்.

டாலருக்கு 4 காசு

இது புது வரி அல்ல. வசூலாகும் வரியிலேயே ஒரு துண்டு. சொத்து மதிப்பில் 100 டாலருக்குச் சுமார் 1 டாலர் வரி. ஒரு டாலர் என்பது 100 சென்ட். அதில் இரண்டரை சென்ட் குழந்தைகளுக்கு என்று 1991 சட்டம் சொன்னது.

2000-ம் ஆண்டில் மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டு அதை 3 சென்ட் ஆக்கினார்கள். 2014-ல் மூன்றாம் முறையாக ஓட்டெடுப்பு நடந்தது. படிப்படியாக 4 சென்டுக்கு உயர்த்த மக்கள் சம்மதித்தார்கள். வரிக் கணக்கில் 10 லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு என்றால், அதன் வரியில் 400 டாலர் இந்த நிதிக்குப் போகும்.

இதிலே வியப்பு என்ன தெரியுமா? அமெரிக்காவின் பெரிய நகரங்களிலேயே குழந்தைகளின் விகிதம் மிகவும் குறைவான நகரம் ஸான்பிரான்சிஸ்கோ. பிள்ளை இல்லாத வீட்டுக்காரர்கள்தான் அங்கே அதிகம். அவர்களும் சேர்ந்துதான் ஓட்டுப் போட்டார்கள்!

மாமா அனுப்பிய பணம்

சட்டம் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்கள் ஒரு தந்திரத்தை முன்கூட்டியே கண்டுகொண்டார்கள்.

தீபாவளிக்குப் பிள்ளைகளின் துணிக்கென்று மாமா 2,000 ரூபாய் அனுப்புகிறார். உடனே அப்பா, "அதுதான் மாமா கொடுத்துவிட்டாரே" என்று தான் வழக்கமாகக் கொடுக்கும் 2,000 ரூபாயை நிறுத்திக்கொள்கிறார். பிள்ளைகளுக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. லாபம் அப்பாவுக்குத்தான்!

நகரசபையும் அப்படிச் செய்யக் கூடாது அல்லவா? ஆகவே, குழந்தைகளுக்கு ஏற்கனவே செலவிட்டு வந்த தொகையைக் குறைக்கக் கூடாது, புதிய நிதி அதற்கு மேல் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதிவிட்டார்கள். போலீஸ் செலவை இந்த நிதியில் எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். இந்த இரண்டு வரிகள் இல்லாவிட்டால் டப்பா என்றோ காலியாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

யாருக்குக் கொடுப்பது?

பணம் இருக்கிறது. கேட்பவர்களோ ஏராளம். எப்படிப் பிரிப்பது?

இதற்கென்று நகரசபையில் குழந்தைகள் இலாகா ஒன்று இருக்கிறது. முதலில் அந்த இலாகா ஒவ்வொரு பேட்டையிலும் எந்தப் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று விசாரிக்கிறது. பேவியூ, மிஷன், சைனாடவுன் போன்ற பேட்டைகளில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடிப் பேசுகிறார்கள். பிறகு எந்த வேலைக்கு எவ்வளவு என்று திட்டம் போட்டு, தொண்டு நிலையங்களிடமிருந்து விண்ணப்பம் வாங்குகிறார்கள். மார்க் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மானியம் 5 ஆண்டுக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இப்படி மானியம் பெறுகின்றன. மாலை நேர வகுப்பு, கோடை விடுமுறை முகாம், இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி எல்லாம் இதில் நடக்கின்றன. நிதி சரியாகச் செலவாகிறதா என்று பார்க்கப் பொதுமக்களில் 11 பேர் கொண்ட குழுவும் 2014 சட்டப்படி அமைந்தது.

தொண்டு நிலையங்களின் பாடு சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் முதலில் கையில் இருந்து செலவு செய்ய வேண்டும். பிறகு கணக்கும் ரசீதும் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும். பெரிய நிலையம் தாங்கும். பேட்டையில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிலையம் அதுவரை சம்பளத்துக்கு எங்கே போகும்? தேர்வில் தவறிவிட்டால் அடுத்த சுற்றுக்கு 5 ஆண்டு காத்திருக்கவும் நேரலாம். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

பிள்ளைகளே கேட்டார்கள்

இந்த யோசனை அக்கம் பக்கமும் பரவியது. விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓக்லாந்து நகரம் 1996-ல் இதே போலத் தன் மக்களின் ஓட்டால் ஒரு நிதி வைத்தது. கெஞ்சி நின்ற மார்கரெட் பிராட்கின் என்ன ஆனார்? 2004-ல் ஸான்பிரான்சிஸ்கோ மேயர் அவரை அந்தக் குழந்தைகள் இலாகாவுக்கே தலைவராக நியமித்தார்! விண்ணப்பம் நீட்டியவர், விண்ணப்பம் வாங்கும் நாற்காலியில் அமர்ந்தார்.

பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. 1995-ல் மக்கள் ஓட்டினால் இளைஞர் கமிஷன் ஒன்று ஏற்பட்டது. 12 வயது முதல் 23 வயது வரை உள்ள 17 பேர் அதில் இருந்து, மேயருக்கும் நகரசபைக்கும் ஆலோசனை சொல்ல ஏற்பாடு. ஆலோசனை மட்டும் போதுமா? நகரத் தேர்தலில் 16 வயதினருக்கும் ஓட்டு வேண்டும் என்று இளைஞர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 2016-ல் அது ஓட்டெடுப்புக்கு வந்து தோற்றது. 2020-ல் மீண்டும் வந்தது. பாதியை எட்டச் சிறிதே குறைந்து, மறுபடியும் தோற்றது.

2014-ல் மக்கள் கொடுத்த உத்தரவாதம் 2041 வரைதான். அதன் பிறகும் பங்கு வேண்டும் என்றால் மறுபடி மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். 2014-ல் பிறந்த குழந்தைக்கு அப்போது 27 வயது நடக்கும். ஓட்டும் இருக்கும்.