ஜமக்காளத்தில் எழும் அலை

கடலில் அலை எழுவது இயற்கை. கூடத்தில் விரித்த ஜமக்காளத்தில் அலை எழுவது அபாயம். அந்தச் சுருக்கத்தில் கால் தடுக்கி விழும் பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டால், மாதக் கணக்கில் படுக்கைதான். ஆகவே இதை அற்ப விஷயமென்று நாம் ஒதுக்குவதற்கில்லை.

விழுப்புரம் ஜில்லாவில், உப்பளங்களுக்குப் பேர்போன மரக்காணம் போன்ற கடற்கரை ஊர்களில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகிறது. காரணம் உப்பே. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவிகிதத்தைத் தாண்டினால், சோற்றுப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீஷிய உப்புக்களோ அதற்கும் குறைந்த ஈரத்திலேயே கசியும். மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதைப் பார்க்காத குடும்பம் உண்டோ? காலோடும் காற்றோடும் வந்து விரிப்பில் தங்கும் உப்புத் தூளும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஈரம் பட்ட பருத்தி இழை பருக்கும். இழை பருத்தால் நெசவு நீளத்தில் குறுகும். ஓரிடம் குறுகி அடுத்த இடம் குறுகாதிருந்தால், குறுகாத பகுதி மேலெழும்பாமல் என்ன செய்யும்?

பரிகாரத்தைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும். உப்பளத் தொழிலாளர்கள் பாத்தியில் உப்பு நீரைப் பாய்ச்சுமுன், தரையைக் காலால் மிதித்து மட்டமாக்கிக் கெட்டிப்படுத்துகிறார்கள். அடித்தளம் சீராக இருந்தால்தான் மண் கலவாத உப்பை வாரலாம். அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும்.

முதலில் சாமான்களை அகற்றி, விரிப்பை வெளியே கொண்டுபோய் இரு புறமும் நன்றாகத் தட்டுங்கள். தரையை நல்ல தண்ணீரில் துடைத்து, முழுதும் உலரவிடுங்கள். காவிரியும் பவானியும் கூடும் ஊரில் நெய்யப்படும் பவானி ஜமக்காளம் போன்ற பருத்தி விரிப்பானால், ஈர வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். பிறகு சுருண்ட திசைக்கு எதிர்த்திசையில் இறுகச் சுருட்டிக் கட்டி ஓர் இரவு வைத்திருங்கள். மறுநாள் இருவர் எதிரெதிரே நின்று, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இழுத்து விரிக்கவேண்டும். ஓரங்களில் கனமான புத்தகங்களை இரண்டொரு நாள் வைத்தால் விரிப்பு படிந்துவிடும். வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் வலை விரிப்பது உத்தமம். இரும்பு ஆணி வேண்டாம். உப்புக் காற்றில் அது துருப்பிடித்துத் துணியையும் கறையாக்கும்.

செயற்கை இழைக் கம்பளத்தின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். இழை உருகிப் போகும். சுவருக்குச் சுவர் பதித்த கம்பளம் தளர்ந்திருந்தால் கத்தரிக்கத் துணியாதீர்கள். அதை மீண்டும் இழுத்து, சுவரோரத்து முள்பட்டையில் மாட்டத் தனிக் கருவி உண்டு. தொழில் தெரிந்தவரை அழைப்பதே லாபம்.

இனிமேல் பீரோவையும் நாற்காலியையும் கம்பளத்தின்மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். வாசலில் ஒரு கால்மிதியும், பக்கத்தில் கால் கழுவ ஒரு செம்பு நல்ல தண்ணீரும் இருந்தால், உப்பு உள்ளே வராமல் வாசலோடு நின்றுவிடும்.