லேசருக்குத் தெரிந்தது கறுப்பு மட்டும்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். பயப்படுகிற அளவுக்கு லேசர் முடிநீக்கத்தில் சூட்சுமம் எதுவும் இல்லை. முடிக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின். லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாவதும் அதுதான். அந்தச் சூடு இறங்கி வேரைச் சுடுகிறது. உச்சிவெயிலில் கறுப்புச் சட்டை போட்டவருக்குத்தானே அதிகம் சுடும்? நரைமுடியில் மெலனின் கிடையாது, அதனால் லேசர் அதைத் தொடாது. பூனைமுடியிலும் பலன் குறைவு.

ஆனால் மெலனின் நம் தோலிலும் இருக்கிறதே! கைதவறினால் தோலும் சுடும்; கொப்புளமோ கருந்திட்டோ வரும். 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசரின் ஒளியை மேல்தோலே நிறையப் பிடித்துக்கொள்ளும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் அதை அவ்வளவாகச் சீண்டாமல் ஆழத்துக்குப் போகும். கறுத்த தோலுக்கு அதுவே பாதுகாப்பு.

லேசருக்குப் போவதற்கு முதல்நாள் ஷேவ் செய்துகொள்ளலாம். வேக்ஸிங், திரெடிங் மட்டும் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். வேரோடு பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? சிகிச்சையின்போது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, தோலுக்குக் குளிர்ந்த ஜெல். ஒவ்வொரு முறை ஒளி பாயும்போதும் சுள்ளென்று இருக்கும். முடி கருகும் வாடை வரும். வேர்க்கால்கள் சிவந்து சிறு சிறு தடிப்பாக எழும்பி, ஓரிரு நாளில் அடங்கும். அடுத்த இரண்டு வாரத்தில் கறுப்புப் புள்ளிகள் தலைகாட்டினால் மறுபடி வளர்கிறதென்று பதறாதீர்கள். செத்த முடி வெளியே வருகிறது. குளிக்கும்போது தானாக உதிரும். வெளியே போனால் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. வளரும் பருவத்தில் இருப்பதுதான் லேசரிடம் சிக்கும். அதனால்தான் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறேழு சிட்டிங் தேவைப்படுகிறது. அதன் பிறகும் அங்கங்கே முளைக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.கூட இதை 'நிரந்தரக் குறைப்பு' என்றுதான் ஏற்கிறது, 'நிரந்தர நீக்கம்' என்றல்ல.

தாடையில் முரட்டு முடி முளைத்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால், முதலில் பிசிஓடி என்னும் சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்மோனைக் கவனிக்காமல் வேரை மட்டும் சுட்டால், புதுமுடி வந்துகொண்டேதான் இருக்கும்.

பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த லேசர், யார் இயக்குவார், முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா? "ஒரே சிட்டிங்கில் சுத்தமாகிவிடும்" என்று பதில் வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.