மூளைக்குள் ஒரு ரயில் பாதை!

வேப்பம்பட்டு ரயில் நிலையம். காலை நேரக் கூட்டத்தில் யாராவது வலிப்பு வந்து விழுந்துவிட்டால் போதும், "சாவி! சாவி!" என்று நாலு பேர் ஓடி வருவார்கள். இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள். இரண்டொரு நிமிஷத்தில் வலிப்பு நிற்கும். "இரும்பின் மகிமை!" என்பார்கள்.

இரும்புக்கு அப்படியொரு மகிமையும் கிடையாது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிஷங்களில் தாமே நின்றுவிடும். பெயர் மட்டும் சாவிக்கு! செய்ய வேண்டியது, அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பதுதான். வாயில் எதையும் வைக்கக் கூடாது. 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரி.

சரி, வலிப்பு ஏன் வருகிறது?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. நுண்ணிய மின்சாரத்தால் அவை பேசிக்கொள்கின்றன. ரயில் வண்டிகளைப் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம், ஒரு பாதை. ஓரிடத்து அணுக்கள் கட்டு மீறி ஒரே சமயத்தில் மின்சாரத்தைக் கொட்டினால், அதுவே வலிப்பு. அந்த இடத்தோடு நின்றால் ஒரு கை மட்டும் துடிக்கலாம். சற்று நேரம் வெறித்துப் பார்க்கலாம். அரக்கோணம் ஜங்ஷனில் கோளாறு என்றால் நாலு திக்கிலும் வண்டிகள் நிற்கும் அல்லவா? மூளையிலும் ஜங்ஷன்கள் உண்டு. அவற்றின் வழியே இரு பக்கமும் பரவினால், ஆள் நினைவிழந்து விழுகிறார்.

மூளையின் மின்னலைகளை ஜெர்மனி டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் பதிவு செய்தார். இன்று எம்.ஆர்.ஐ. கருவி, மூளையின் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன என்றும் காட்டுகிறது. நோயாளிகள் பலருக்கு வலிப்பு இல்லாத வேளையிலும் இந்தத் தொடர்புகள் மாறியிருக்கின்றன. சிலருக்கு ஞாபக சக்தி குறைய இதுவும் காரணம் என்று கருதுகிறார்கள்.

வேப்பம்பட்டில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரே அரசு பொது மருத்துவமனை. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது அங்கேதான். தகுந்த மாத்திரையாலேயே 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும். மாத்திரைக்கு அடங்காதவர்களில் சிலருக்கு, கோளாறு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அறுவை செய்து நீக்குகிறார்கள்.

ஆனால் டாக்டரிடம் போனால்தானே? பெண்ணுக்கு வலிப்பு என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகுமே என்று மறைக்கும் வீடுகள் உண்டு. ஒரு காலத்தில் சட்டமே அதற்குத் துணை நின்றது. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த 'வலிப்பு' என்ற சொல்லை 1999-ல் நீக்கிவிட்டார்கள்.