அட்டை கையில் இருக்கிறது, டாக்டர் எங்கே?

அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூர். மடியில் காய்ச்சலில் துவண்ட குழந்தை, மேசையில் மெடிக்கெய்ட் அட்டை, காதில் போன். அந்தத் தாய் கேட்பது ஒரே கேள்விதான்: "மெடிக்கெய்ட் எடுத்துக்கொள்வீர்களா?" மறுமுனையில் பதில் கனிவாகவே வருகிறது: "எடுத்துக்கொள்வோம். ஆனால் புது நோயாளிகளை இப்போது சேர்ப்பதில்லை." டாக்டர்கள் பட்டியலில் அடுத்த எண்ணை அழுத்துகிறார். அந்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டாராம். அதற்கடுத்த எண் உபயோகத்திலேயே இல்லை.

மெடிக்கெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு. 1965 ஜூலை 30 அன்று மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரில் அதிபர் லிண்டன் ஜான்சன் போட்ட ஒரே கையெழுத்தில், முதியோருக்கான மெடிகேரும் இதுவும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன. இன்று சுமார் 7 கோடிப் பேர் மெடிக்கெய்ட்டை நம்பியிருக்கிறார்கள். செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன, நடத்துவது மாநிலங்கள். அதனால் பெயர்கூட மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் மெடி-கால், டென்னசியில் டென்கேர், ஓக்லஹோமாவில் சூனர்கேர்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மெடிக்கெய்ட்டில் இருப்பவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் காப்பீட்டை நடைமுறையில் தருவது, மாநில அரசோடு ஒப்பந்தம் போட்ட காப்பீட்டு நிறுவனங்கள். கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருப்பவர் முதலில் பார்ப்பது அந்த நிறுவனத்தின் திட்டப் பெயரைத்தான். ஒரே கட்டடத்தில் இரண்டு டாக்டர்கள் இருந்தால், ஒருவர் அந்தத் திட்டத்தில் இருக்கலாம், மற்றவர் இல்லாமலிருக்கலாம். ஆகவே போனில் கேட்க வேண்டியது இப்படி: "அட்டையில் இன்ன திட்டம் என்று போட்டிருக்கிறது. இந்தத் திட்டத்தில் புது நோயாளியைச் சேர்க்கும் டாக்டர் யார்? முதல் அப்பாயின்ட்மென்ட் எந்தத் தேதியில் கிடைக்கும்?" தேதி வாயிலிருந்து வரும்வரை போனை வைக்கக் கூடாது.

அட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மேலே திட்டத்தின் பெயர், அதன் கீழே உறுப்பினர் எண். பல அட்டைகளில் ஒரு டாக்டரின் பெயரும் அச்சாகியிருக்கும். குடும்பம் குறித்த நாளுக்குள் யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நிறுவனமே ஒருவரை ஒதுக்கிவிடும். அந்த டாக்டரின் முகத்தைக்கூடப் பார்க்காத குடும்பங்கள் உண்டு. வேறு டாக்டருக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கான எண் பெரும்பாலும் அட்டையின் பின்பக்கத்திலேயே இருக்கிறது.

டாக்டர்கள் ஏன் தயங்குகிறார்கள்? அவர்களை மனசாட்சி இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது நியாயமில்லை. அன்றாட சிகிச்சைக்கு மெடிகேர் 100 டாலர் கொடுக்கும் இடத்தில், மெடிக்கெய்ட் நாடு தழுவிய சராசரியில் கொடுப்பது மூன்றில் இரண்டு பங்குதான். நர்ஸின் சம்பளமும் கட்டட வாடகையும் அதற்கேற்பக் குறைவதில்லை. பில் திரும்பி வந்தால் மறுபடி எழுதி அனுப்ப ஓர் ஆள் வேண்டும்.

பணம்தான் காரணமா என்பதை நாடே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும், முதல்நிலை மருத்துவர்களுக்கான மெடிக்கெய்ட் கட்டணம் மெடிகேர் அளவுக்கு உயர்த்தப்பட்டது. ஆய்வாளர்கள் நோயாளிகளைப் போல 10 மாநிலங்களில் கிளினிக்குகளுக்குப் போன் செய்தார்கள். உயர்வுக்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது 58.7 சதவீத அழைப்புகளுக்கு. உயர்வுக்குப் பின் 66.4 சதவீதம். கட்டணத்தை உயர்த்தினால் கதவு திறக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் 2014 முடிந்ததும் மத்திய அரசின் பணம் நின்றது. பல மாநிலங்கள் பழைய கட்டணத்துக்கே திரும்பின.

தனி கிளினிக்குகள் கைவிரித்தால் அடுத்து தேட வேண்டியது சமூக சுகாதார மையங்களை. இவற்றுக்கொரு வரலாறு இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887இல் மிசிசிப்பியில் உருவாக்கிய ஊர் மவுண்ட் பேயூ. 1960களில் டாக்டர் ஜாக் கைகர் அங்கே ஒரு சுகாதார மையத்தைத் தொடங்கினார். வந்த குழந்தைகளைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது, நோயின் பெயர் பசி. மருந்துச் சீட்டில் உணவுப் பொருள்களை எழுதிக்கொடுத்தார். பில் மையத்துக்கு வந்தது. அந்த வழியில் வந்த மையங்களை நடத்தும் சுமார் 1,400 அமைப்புகள் இன்று ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை தருகின்றன. பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவற்றுக்குச் சட்டம். 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கிராமப்புற கிளினிக்குகளும் உண்டு. அங்கே பல நாட்களில் நோயாளியைப் பார்ப்பவர் பயிற்சி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர். அதனால் குறை ஒன்றுமில்லை. பல மாநிலங்களில் அவர்களே குடும்ப மருத்துவரின் இடத்தில் இருக்கிறார்கள்.

இந்தச் சிற்றூர்களுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ், 1980களில் டென்னசியின் ஜான்சன் சிட்டியில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தை 1994இல் புத்தகமாக்கினார். உள்நாட்டு டாக்டர்கள் வரத் தயங்கும் ஊர்களுக்கு வெளிநாட்டு டாக்டர்கள் வந்து சேர்வது அங்கே வாடிக்கை. ஜே-1 என்ற விசாவில் வந்து மருத்துவப் பயிற்சி முடித்தவர்கள், டாக்டர் பற்றாக்குறையுள்ள பகுதியில் 3 ஆண்டுகள் வேலை செய்தால் தாய்நாடு திரும்ப வேண்டிய கட்டாயம் நீங்கும். இந்த விலக்குக்கு ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடங்கள்.

தூரத்து ஊரில் டாக்டர் கிடைத்தாலும் போய்வர வண்டி இல்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் போய்வரும் பயணமும் மெடிக்கெய்ட்டுக்குள் அடங்கும். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மாநில எல்லையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆற்றுக்கு அக்கரையில் டாக்டர் இருந்தாலும், அது வேறு மாநிலமென்றால் அன்றாட சிகிச்சைக்கு இந்த அட்டை செல்லாமல் போகலாம்.

எல்லாம் முயன்றும் ஒருவரும் கிடைக்கவில்லையா? திட்டத்தின் பட்டியலில் உள்ளவர்களால் தேவையான சிகிச்சையை உரிய நேரத்தில் தர முடியாவிட்டால், பட்டியலுக்கு வெளியே உள்ள டாக்டரிடம் போக நிறுவனமே ஏற்பாடு செய்து செலவை ஏற்க வேண்டும். இது மத்திய அரசின் விதி. கேட்கும்போது கையில் ஆதாரம் வேண்டும். அந்தத் தாய் முதல் போனிலிருந்தே ஒரு நோட்டை எடுத்துவைத்து, தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்ன பதில் என்று வரிசையாக எழுதிவந்தால், அட்டையின் பின்பக்க எண்ணுக்கு அழைத்து அந்தப் பக்கத்தை அப்படியே வாசித்துக்காட்டலாம்.