இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் ஆடியோ இன்டர்ஃபேஸ் முடங்குவது ஏன்? டிரைவர் சிக்கலின் பின்னணியும் தீர்வுகளும்

புதுடெல்லி: இரவில் கணினிக்கு அப்டேட் கொடுத்துவிட்டு உறங்கச் சென்ற ஒருவர், மறுநாள் காலை பாடல் பதிவுக்காக அதே கணினியின் முன் அமர்கிறார். மைக் இணைக்கப்பட்டுள்ளது, ஆடியோ இன்டர்ஃபேஸில் விளக்கும் எரிகிறது. ஆனால் பதிவு மென்பொருளில் அக்கருவியின் பெயரே இல்லை. சில நேரங்களில் பதிவு பொத்தானை அழுத்திய மறுகணமே திரை நீலமாகிக் கணினி தானாக மறுதொடக்கம் செய்துகொள்கிறது. வீட்டிலேயே சிறிய ஒலிப்பதிவுக் கூடம் அமைத்திருக்கும் இசைக் கலைஞர்கள், டப்பிங் கலைஞர்கள், பாட்காஸ்ட் நடத்துவோர், இணைய வழியில் இசை கற்பிப்போர் ஆகியோருக்கு இது அன்றைய வருமானத்தைப் பாதிக்கும் பிரச்சினை. கருவி பழுதாகிவிட்டது என்று கருதிப் புதியது வாங்குவோரும் உண்டு. பெரும்பாலும் பழுது கருவியில் இருப்பதில்லை. கருவிக்கும் கணினிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் 'டிரைவர்' எனும் சிறு மென்பொருளில்தான் சிக்கல் இருக்கும்.

நொடிக்கு 375 முறை

மைக், கிடார் போன்றவற்றிலிருந்து வரும் மின் அலைகளை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புவதும், கணினியிலிருந்து வரும் எண்களை மீண்டும் ஒலியாக மாற்றுவதும் ஆடியோ இன்டர்ஃபேஸின் பணி. வழக்கமான ஒரு பதிவில் நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. பாடகர் தன் குரலை ஹெட்போனில் தாமதமின்றிக் கேட்க வேண்டும் என்பதால், அவை 128 மாதிரிகள் கொண்ட சிறு கட்டுகளாகப் பிரித்து அனுப்பப்படுவது வழக்கம். அதாவது நொடிக்கு 375 முறை, 2.67 மில்லி விநாடிக்கு ஒரு கட்டு வந்து சேர வேண்டும். ஒரு கட்டு தாமதமானாலும் பதிவில் 'டிக்' என்ற ஓசை விழுந்துவிடும்.

பிரிண்டருக்கு இந்த நெருக்கடி கிடையாது. அது அரை நொடி தாமதமாக அச்சிட்டாலும் யாருக்கும் தெரியாது. ஒலிக்கு அந்தச் சலுகை இல்லாததால், விண்டோஸின் வழக்கமான ஒலிப் பாதையைச் சுற்றிக்கொண்டு நேரடியாகக் கருவியுடன் பேசும் 'ஏசியோ' எனும் முறையை ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. இன்றளவும் தொழில்முறைப் பதிவுகளுக்கு இதுவே வழக்கில் உள்ளது. இதற்கான டிரைவரைக் கருவியைத் தயாரிக்கும் நிறுவனங்களே தனித்தனியாக எழுதி வழங்குகின்றன.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. யுஎஸ்பி வழியாக ஒலியைக் கடத்துவதற்கான 'யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2' எனும் பொதுத் தரம் 2006ஆம் ஆண்டிலேயே வரையறுக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2010ஆம் ஆண்டு வாக்கில் தனது மேக் கணினிகளில் அதற்கான டிரைவரை உள்ளமைத்துவிட்டது. விண்டோஸில் அது இடம்பெற்றது 2017ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றில்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு டிரைவரை எழுதிக்கொண்டது. இன்று மேக் பயனரைவிட விண்டோஸ் பயனர் டிரைவர் கோளாறில் அதிகம் சிக்குவதற்கு இந்தத் தாமதத்துக்கும் பங்குண்டு.

ஒரு டிரைவர் விழுந்தால் கணினியே விழுவது ஏன்?

உலாவி, பதிவு மென்பொருள் போன்ற சாதாரணச் செயலிகள் இயங்குதளத்தின் வெளி அடுக்கில் இயங்குகின்றன. அவற்றில் ஒன்று செயலிழந்தால் அது மட்டுமே மூடப்படும். ஆடியோ டிரைவரின் முக்கியப் பகுதியோ 'கெர்னல்' எனப்படும் உள் அடுக்கில் இயங்குகிறது. அங்கு ஒரு டிரைவர் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டுவிட்டால், தரவுகள் சிதைவதைத் தடுக்க இயங்குதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரை தோன்றுவது அப்போதுதான். கடந்த 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் ஏற்பட்ட பிழையால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதும், இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டதும் நினைவிருக்கலாம். அந்த மென்பொருளும் கெர்னலில் இயங்கியதே அத்தனை பெரிய பாதிப்புக்குக் காரணம்.

இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது, நினைவகத்தை ஒதுக்கும் முறை, யுஎஸ்பி இணைப்பைக் கையாளும் விதம், பாதுகாப்பு விதிகள் என உள் அடுக்கில் பல மாற்றங்கள் நிகழ்கின்றன. பழைய விதிகளை நம்பி எழுதப்பட்ட டிரைவருக்கு இது தெரியாது. பல ஆண்டுகளாக டிரைவரில் உறங்கிக்கிடந்த பிழை, புதிய விதியால் வெளிப்படுவதும் உண்டு. அத்தகைய நேரங்களில் குற்றவாளி புதுப்பிப்பா, டிரைவரா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடைப்பதில்லை.

ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வுகள்

2025 ஜனவரி 14 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுவிய பிறகு, யுஎஸ்பி வழியாக இணைக்கப்படும் 'டாக்' எனும் ஒலி மாற்றிக் கருவிகள் பலவும் இயங்க மறுத்தன. போதிய வளங்கள் இல்லாததால் கருவியைத் தொடங்க இயலவில்லை என்று 'கோட் 10' பிழைச் செய்தி தோன்றியது. யுஎஸ்பி 1.0 ஆடியோ டிரைவரைச் சார்ந்த கருவிகளே இதில் சிக்கின. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் இப்பிரச்சினை இருந்ததை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. அம்மாத இறுதியில் வெளியான புதுப்பிப்பில் அது சரிசெய்யப்பட்டது. இங்கு தவறு இயங்குதளத்தின் பக்கம் இருந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 2021ஆம் ஆண்டு இறுதியில் விண்டோஸ் 11 வந்தபோது நடந்தது. 11ஆம் தலைமுறை இன்டெல் கோர் பிராசஸர் கொண்ட கணினிகளில், இன்டெல்லின் குறிப்பிட்ட ஆடியோ டிரைவர் பதிப்புகள் இருந்தால் நீலத் திரை தோன்றியது. அக்கணினிகளுக்கு மட்டும் விண்டோஸ் 11 வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. பதிப்பு எண்ணின் கடைசிப் பகுதி 5152 என முடியும் டிரைவர்கள் பிழையுடையவை, 5714 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பானவை என்று விளக்கம் தரப்பட்டது. 10.30 என்று தொடங்கும் எண், 10.29 என்று தொடங்குவதைவிடப் புதியது என்று பொருளல்ல என்பதையும் நிறுவனம் தனியே சுட்டிக்காட்ட நேர்ந்தது. எண் பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்து டிரைவரைத் தேர்ந்தெடுப்போர் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

2024ஆம் ஆண்டில் விண்டோஸ் 11 24எச்2 பதிப்பு வெளியானபோது, நேரலை செய்வோரிடம் பரவலாக உள்ள வாய்ஸ்மீட்டர் எனும் ஒலிக்கலவை மென்பொருளின் டிரைவர், விண்டோஸின் நினைவக மேலாண்மையுடன் ஒத்துப்போகாமல் நீலத் திரையை உண்டாக்கியது. அப்போதும் அந்த மென்பொருள் உள்ள கணினிகளுக்குப் புதுப்பிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது.

மேக் கணினிகளும் விதிவிலக்கல்ல. 2018ஆம் ஆண்டில் அறிமுகமான மேக்புக் ஏர், மேக்புக் ப்ரோ, மேக் மினி ஆகியவற்றில் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்கள் இடையிடையே ஒலியைத் தவறவிட்டதாகப் புகார் எழுந்தது. 2019 மார்ச்சில் வெளியான மேக்ஓஎஸ் 10.14.4 பதிப்பில் இக்கருவிகளின் நம்பகத்தன்மை மேம்படுத்தப்பட்டதாக ஆப்பிள் அறிவித்தது. அதன் பிறகு, வெளி நிறுவனங்களின் டிரைவர்களைக் கெர்னலிலிருந்து படிப்படியாக வெளியேற்றும் கொள்கையை அந்நிறுவனம் பின்பற்றி வருகிறது. ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் பழைய வகை டிரைவரை இயக்க வேண்டுமெனில், ரெக்கவரி முறையில் நுழைந்து பாதுகாப்பு நிலையைக் குறைத்தாக வேண்டும்.

என்ன செய்யலாம்?

புதுப்பித்த பிறகு சிக்கல் தோன்றினால், முதலில் இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப் வழியாக அல்லாமல் கணினியில் நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால், பழைய டிரைவரை முழுமையாக நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள அண்மைய டிரைவரை நிறுவுவதே முறையான வழி. ஏற்கெனவே உள்ளதன் மேல் புதியதை நிறுவுவது பல நேரங்களில் பழைய கோப்புகளை அப்படியே விட்டுவிடும். புதிய டிரைவரே கோளாறுக்குக் காரணம் என்றால், டிவைஸ் மேனேஜரில் உள்ள 'ரோல் பேக் டிரைவர்' வசதி முந்தைய பதிப்பை மீட்டுத் தரும்.

நீலத் திரையில் சில நேரங்களில் 'எஸ்ஒய்எஸ்' என முடியும் கோப்பின் பெயர் காட்டப்படும். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது பயன் தரும். எந்த டிரைவர் விழுந்தது என்பதை அந்தப் பெயரே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒலிக் கருவியின் மீது பழி விழுந்து, உண்மையில் வைஃபை அல்லது கிராபிக்ஸ் டிரைவர் காரணமாக இருந்ததும் இவ்வாறு தெரியவரக்கூடும்.

விண்டோஸில் பெரிய பதிப்பு மாற்றம் செய்த 10 நாள்களுக்குள் செட்டிங்ஸ் வழியாகவே முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். மாதாந்திரப் புதுப்பிப்பைத் தனியாகவும் நீக்க முடியும். மேக்கில் இந்த வசதி இல்லை. வட்டை அழித்துப் பழைய பதிப்பை நிறுவ வேண்டியிருப்பதால், டைம் மெஷின் காப்பு இல்லாமல் அங்கு பெரிய புதுப்பிப்பில் இறங்குவது துணிச்சலான செயல். விண்டோஸின் 'மெமரி இன்டெக்ரிட்டி' பாதுகாப்பு பழைய டிரைவரைத் தடுக்கும்போது, அதை அணைத்துவிடுமாறு கூறும் காணொளிகள் உலவுகின்றன. அதே கணினியில் வங்கிப் பரிவர்த்தனை செய்வோருக்கு இது உகந்த ஆலோசனை அல்ல.

பணி நடுவே இருப்போர் புதுப்பிப்பைச் சில வாரங்கள் நிறுத்தி வைக்க விண்டோஸ் அனுமதிக்கிறது. ஆனால் என்றென்றைக்கும் தள்ளிப்போட முடியாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்துவிட்டது.

பொதுவான ஏசியோ டிரைவர்

ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி டிரைவர் எழுதும் நிலையை மாற்ற, யமஹா, குவால்காம் நிறுவனங்களுடன் இணைந்து ஏசியோ வசதியுடன் கூடிய பொதுவான யுஎஸ்பி ஆடியோ டிரைவரை விண்டோஸிலேயே உள்ளமைக்கும் பணியில் ஈடுபட்டுள்ளதாக 2024ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஸ்டைன்பெர்க் இப்போது யமஹாவின் துணை நிறுவனம் என்பது குறிப்பிடத்தக்கது.

ஃபயர்வயர் இணைப்பு கொண்ட பழைய இன்டர்ஃபேஸ் வைத்திருப்போருக்கு இது உதவாது. 2025ஆம் ஆண்டில் வெளியான மேக்ஓஎஸ் 26 பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டதால், அக்கருவிகளைப் பயன்படுத்துவோர் பழைய பதிப்பிலேயே தங்கள் மேக் கணினியை நிறுத்தி வைக்க வேண்டியுள்ளது. லினக்ஸில் மட்டும் ஃபயர்வயர் பகுதியின் பராமரிப்பு 2029ஆம் ஆண்டு வரை தொடரும் என அதன் பொறுப்பாளர் தெரிவித்துள்ளார்.